முதுகு வைத்த கோட்டு

எத்தனை மீட்டர் சார் என்று கேட்டுவிட்டு அவன் துணிக்கட்டை மேசைமேல் தட்டித் தட்டி உருட்டுகிறான், துணி விரிந்துகொண்டே வந்து என் வயிற்றைத் தொடுகிறது, நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டா, மூன்றே காலா. வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு என்றுதான் இருந்தது. இந்தக் கடையின் மாடிப்படி ஏறும்போதும் இரண்டுதான். மூன்றாம் மாடி, நாற்பத்திரண்டு படி, எண்ணக்கூடாது என்று சொல்லிக்கொண்டே எண்ணினேன். போன வியாழக்கிழமையிலிருந்து எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன். மனைவி பிலோமின் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் அது அடங்கும்வரை எண்ணுகிறேன், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினால் எண்ணுகிறேன், பத்தொன்பது வரப்போகிறது என்றால் இருமுகிறேன், ஹாரன் அடிக்கிறேன், எதையாவது செய்து கலைத்துவிடுகிறேன். ஐம்பத்தாறு வயதில் ஒருவனுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வருமானால் அது நல்ல பழக்கமாக இருக்காது. "சார், மீட்டர்?" "முதல்ல துணி பார்ப்போம்." "தாராளமா பாருங்க. பாக்குறதுக்கு ஜிஎஸ்டி கிடையாது." சிரிக்கிறான். சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் ஹேமநாதன் என்று இருக்கிறது. முப்பது வயது இருக்கலாம். நல்ல சிரிப்பு, ஆளை நம்பிச் சிரிக்கிற சிரிப்பு, அதுதான் தொந்தரவு. இந்தத் துணி யாருக்கு என்று அவனிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேன், கோட்டுத் துணி என்றேன், "மாப்பிள்ளைக்கா சார்?" என்றான், ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. எங்கப்பாவுக்கு, தொண்ணூறு வயது, உயிரோடு இருக்கிறார், பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட வேண்டும் என்றா? எங்கள் வீடுகளில் ஆண்களைக் கோட்டு போட்டுத்தான் அடக்கம் செய்வது. சொல்தா வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களின் வீட்டை இந்தப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். மெடலைக் குத்தாமல் பெட்டியை மூடமாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் ஆள் போனபிறகுதான் அலமாரியைத் திறப்பார்கள். கல்யாணத்துக்குத் தைத்தது ஒன்று இருக்கும். மூச்சு இருக்கும்போதே துணி வாங்க வந்தவன் நானாகத்தான் இருப்பேன். நானாகவா வந்தேன்? பப்பாதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, முகம் மழித்துத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன், கண்ணைத் திறக்காமலே, "தனிஸ்லாஸ், எனக்கு ஒரு கோட்டு தைக்கணும்" என்றார். நான் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பிரான்ஸ் துணியாப் பாரு. தொட்டுப் பாத்து வாங்கு. கடைக்காரன் சொல்றதைக் கேக்காத." எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை. ஒருவர் கோட்டு வேண்டும் என்று சொன்னால், அதை உடனே அந்தக் கோட்டு என்று எடுத்துக்கொண்டது யார்? பிலோமின்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த வெயில்ல கோட்டு எதுக்காம் பப்பாவுக்கு?" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். அன்று சாயங்காலமே உப்பளம் கல்லறை பக்கத்தில் இருக்கும் தெய்வநாயகம் டெய்லரிடம் போய் நின்றவன் நான்தான்.

தெய்வநாயகம் வாயில் குண்டூசியோடு பேசினார். "ரெண்டு மீட்டர் போதும் சார். முன்பக்கம், ரெண்டு கை, காலரு. முதுகு வைக்கமாட்டோம். பின்னாடி நாடா வச்சுக் கட்டிடுவோம், போட்டுவிடுறவங்களுக்கும் சுலபம். காலைத்தான் போர்வை மூடிடுதே, பேன்ட்டும் வேணாம்." நான் தலையாட்டினேன். "முதுகை யாரு பாக்கப்போறா சார்?" என்றார். நியாயம்தான். அதையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன். பிறகு குண்டூசியை எடுத்துவிட்டு, "எப்ப அடக்கம்?" என்றார். இல்லை, இன்னும், என்று ஆரம்பித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை வண்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், மூன்று நாளாக அது இறங்கவில்லை. "அப்ப முழுசாத் தைக்கறதா இருந்தா மூணேகால் எடுத்துக்கங்க, ஆளை நிக்கவச்சு அளவெடுக்கணும்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். நிற்கவைத்து. பப்பா நின்று பதினோரு மாதம் ஆகிறது. எனவே இரண்டு. எந்த நியாயத்தில் பார்த்தாலும் இரண்டு. ஒன்றேகால் மீட்டர் துணியை மண்ணுக்குள் வீணாக்குகிறவர் இல்லை பப்பா, ரெஜிமெண்டில் துணி ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர், வெட்டி மிஞ்சின துண்டைக்கூடக் கணக்கில் எழுதியவர். ஆனால் இரண்டு என்று என் வாயால் சொல்லிவிட்டால், அந்த மனிதர் இனி எழுந்து நிற்கமாட்டார் என்று முடிவு செய்தவன் நானாகிறேன். டாக்டர் சொல்லலாம். சாகக் கிடப்பவருக்கென்று அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போன பங்குச் சாமியார் சொல்லலாம், இரண்டு தடவை பூசியாயிற்று, மூன்றாம் தடவை கூப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் சொல்லலாமா?

"மாப்பிள்ளை என்ன கலரு சார்? தப்பா எடுத்துக்காதீங்க, கலருக்குத் தகுந்த மாதிரி போட்டாத்தான் ஸ்டேஜ்ல எடுப்பா இருக்கும்." மாநிறம் என்கிறேன். "ஹைட்டு?" அஞ்சடி பத்து. "உடம்பு?" நல்ல தோள், என்கிறேன், மார்பு நாற்பது இருக்கும், கழுத்து நீளம், நின்றால் நேராக நிற்பார். சொல்லச் சொல்லத்தான் தெரிகிறது நான் யாரைச் சொல்கிறேன் என்று. கூடத்தில் மாட்டியிருக்கும் பப்பாவின் போட்டோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, மர்சேய் துறைமுகம், இருபத்தேழு வயது, அன்றுதான் வாங்கின கோட்டு, ஒரு கை பாக்கெட்டில். அல்ஜீரியாவிலிருந்து திரும்பிய வாரம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இரண்டு வருஷம் கழித்து அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். "மிலிட்டரியா சார்?" என்கிறான் ஹேமநாதன். எப்படிக் கண்டுபிடித்தான்? "நேரா நிப்பார்னு சொன்னீங்களே. நம்ம பசங்க எவன் நேரா நிக்கிறான், எல்லாம் போனைப் பாத்துப் பாத்துக் கேள்விக்குறி மாதிரி ஆயிட்டானுங்க." பின்னால் கத்தரியோடு உட்கார்ந்திருக்கும் வயதானவர், "நீ மட்டும் என்னடா, ஆச்சரியக்குறியா?" என்கிறார். "வைத்தி அண்ணே, நீங்க வெட்டுற வேலையை மட்டும் பாருங்க, பேச்சை வெட்டாதீங்க." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். பப்பா இப்போது முப்பத்தெட்டு கிலோ. நேற்று விரிப்பு மாற்றும்போது நான் ஒருவனே தூக்கிவிட்டேன். தூக்கியதும் என் கைக்கு ஏமாற்றமாக இருந்தது, நிரம்பியிருக்கும் என்று நினைத்த குடத்தைத் தூக்கியதுபோல.

"பிரான்ஸ்ல இருக்குற மாப்பிள்ளைன்னா உள்ளூர் துணி காட்டக்கூடாது சார். வாங்க." பிரான்ஸ் என்று நான் எப்போது சொன்னேன்? துணி பிரான்ஸ் துணியாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பேன், அவன் ஆளையும் அங்கே அனுப்பிவிட்டான். ஒரு கண்ணாடி அலமாரியைத் திறக்கிறான். உள்ளே தனி விளக்கு, கோவில் பீடம்போல. கட்டுக்கட்டாக அடர்நீலம், சாம்பல், கறுப்பு. துணியின் கரையில் பொன்னிற எழுத்துகள் ஓடுகின்றன. "எல்லாம் ஃபிரெஞ்சு பிராண்டு சார். இது ஆபினியாக்ஸ். இது வெர்னோல்ட். இது மைசன் டி ஆர்சி." ஓபினோ. வெர்னோல். மேசோன் தார்ஸி. மனதுக்குள் திருத்திக்கொள்கிறேன், சத்தமாகத் திருத்தவில்லை, பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீசில் முப்பது வருஷமாகப் பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறவனுக்கு இதாவது தெரியாதா. ஆனால் இந்தப் பெயர்களில் ஒன்றையும் நான் தொட்டதில்லை. பாரிசில் ஏழு மாதம் இருந்தேன், தொண்ணூற்றொன்றில், ஓர் உணவகத்தின் நிலவறையில் தட்டுக் கழுவிக்கொண்டு. வேலைக்குப் போகும் வழியில் இதேபோல் விளக்குப் போட்ட கண்ணாடிகள், உள்ளே தலையில்லாத பொம்மைகள், தோளில் கோட்டு. உள்ளே போனால் துரத்துவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானாகவே போகவில்லை. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன், முப்பத்து மூன்று வருஷம் கழித்து நேரு வீதி மூன்றாம் மாடியில் கண்ணாடியைத் திறந்து உள்ளே கை விடுகிறேன். இது என்ன ஏற்பாடு. "இது பிரான்ஸ்ல நெய்ததா?" "பிராண்டு ஃபிரெஞ்சு சார். நெய்யிறது எங்கயாச்சும் நெய்வாங்க. இப்ப யாரு சார் ஊர்லயே நெய்யிறா?" அவன் சொல்வதில் தப்பில்லை. எங்கள் வீட்டு அடையாள அட்டைகளும் அப்படித்தான்.

தட்டுக் கழுவப் போனபோது பப்பாவின் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அந்த மர்சேய்க் கோட்டு. விமான நிலையத்தில் அவரே போட்டுவிட்டு, தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "உனக்குக் கொஞ்சம் பெரிசு, அங்க போனா சரியாயிடும்" என்றார். சரியாகவில்லை. திரும்பி வந்தபோது கோட்டு இல்லை. மெத்ரோவில் திருடிவிட்டார்கள் என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன், எந்த ஸ்டேஷன் என்றுகூடச் சொன்னேன். உண்மையில் அது அந்த நிலவறையில், வெங்காயச் சாக்குகளுக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சமையல்காரன் என்னை எல்லார் முன்னாலும் ஏதோ சொன்னான், என்ன சொன்னான் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, நான் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வெளியே போய்விட்டேன். பிப்ரவரி. தெருமுனை வந்தபிறகுதான் குளிர் தெரிந்தது. இருபது அடி திரும்பி நடந்தால் கோட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். நின்றேன். கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. நான் கதவுகளுக்கு வெளியே நிற்கிற ஆள், அதுதான் விஷயமா? எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய் மாட்டிவிடுவதும் ஒரு தந்திரம்தான், இல்லையா, ஒரு ஆணி கிடைத்தால் போதும். பப்பா அதற்கப்புறம் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணங்களுக்குச் சட்டையோடு போனார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து, பிரான்ஸ் துணியாப் பாரு.

"தேதி குறிச்சாச்சா சார்?" இல்லை என்கிறேன். சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன், அவன் என்னைப் பார்க்கிறான். "இல்ல, டெய்லரு டைம் கேப்பாருல்ல, அதுக்குத்தான்." தேதி மட்டும்தான் இல்லை. மற்றதெல்லாம் எழுதியாயிற்று. போன மாதம் ஆபீசில் வேலையில்லாத ஒரு மத்தியானம், இறப்புச் சான்றிதழ்களுக்கான படிவம் கம்ப்யூட்டரில் திறந்திருந்தது, யாருக்கோ செய்துவிட்டு மூடாமல் வைத்திருந்தேன், அதில் கப்ரியேல் என்று பப்பாவின் பெயரை அடித்தேன். பிறந்த இடம், தாய் பெயர், தந்தை பெயர், தொழில், மனைவி. விரல் தானாகப் போயிற்று. தேதியும் நேரமும் வரும் இடத்தில் புள்ளிகளை விட்டேன். ஒரு காகிதம் தயாராக இருந்தால் பின்னால் அலைச்சல் மிச்சம், பிரான்சுக்கு அனுப்பவேண்டியது, பென்ஷனை நிறுத்தவேண்டியது, எல்லாருக்கும் நான்தானே செய்து கொடுக்கிறேன் என்று எனக்கே விளக்கம் சொன்னேன். பிறகு அழித்தேன். அழித்தேனா, மூடினேனா? நிச்சயமாக அழித்தேன். அது போகட்டும். காகிதத்தில் செய்தது காகிதத்தோடு போயிற்று. வியாழக்கிழமை காகிதம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. பிலோமின் சந்தைக்குப் போயிருந்தாள். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பப்பாவின் அறைக்குப் போனேன், வாசற்படியில் கால் வைத்தபோது மூச்சு நின்றது. இப்போதெல்லாம் அப்படி நிற்கும், நின்று நின்று வரும், தோளைத் தொட்டுக் கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் திரும்பிவிடும் என்று நர்ஸ் காட்டிக்கொடுத்திருக்கிறாள். நான் பத்துத் தடவையாவது செய்திருப்பேன். அன்று செய்யவில்லை. கதவருகே நின்றேன். ஒன்று என்று எனக்குள் யாரோ ஆரம்பித்தார்கள். கிண்ணம் சுட்டது, பிடித்துக்கொண்டே நின்றேன். வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. ஆறு, ஏழு. மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை கிறீச்சிட்டது. பன்னிரண்டில் ஒரு அடி எடுத்து வைத்திருக்கலாம். பதினைந்தில். அந்த வெள்ளைத் தலையணை, அதில் முகம் எனக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது, காது மட்டும் தெரிந்தது, பெரிய காது, வயதானால் காதுதான் வளர்கிறது. பதினெட்டு. பத்தொன்பதில் மார்பு எழுந்தது, தண்ணீருக்கடியிலிருந்து வந்ததுபோல ஒரு சத்தம், மூச்சு. நான் உள்ளே போய், "பப்பா, கஞ்சி" என்றேன். குடித்தார். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பதுவரை நான் எதற்காகக் காத்திருந்தேன் என்பதுதான் கேள்வி. பயத்தில் உறைந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்க்கிறேன், பயந்தவன் எண்ணுவானா? அவர் கஷ்டம் முடியட்டும் என்று நினைத்தேன் என்று சொல்லிப் பார்க்கிறேன், அவர் கஷ்டமா, என் கஷ்டமா? மூச்சு திரும்பி வந்தபோது எனக்குள் ஒன்று விழுந்தது, விழுந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று ஆறு நாளாக விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன், இந்தத் துணியைத் தடவுவதைப் போல, தெரியவில்லை. மூன்றாம் நாள் அவர் கோட்டு கேட்டார்.

"சார், சும்மா கையில தேய்ச்சா தெரியாது, மேல போட்டுப் பாத்தாத்தான் விழுகிற அழகு தெரியும். மாப்பிள்ளை உங்க உயரந்தானே?" வேண்டாம் என்பதற்குள் ஓபினோவை உதறி என் தோளில் போட்டுவிட்டான். ஆளுயரக் கண்ணாடி. மழமழவென்று நீலம், அதற்கு மேலே பப்பாவின் கன்னம், பப்பாவின் கண்ணுக்குக் கீழ்ப்பை. எனக்குப் பின்னால் துணி இல்லை. முன்பக்கம் மட்டும் மூடியிருக்கிறது, முதுகில் ஏசி காற்று அடிக்கிறது, தெய்வநாயகம் சொன்ன கோட்டு இதுதான், நாடா மட்டும்தான் பாக்கி. எடு என்கிறேன். "பிடிக்கலையா சார்?" துணியைத் தோளிலிருந்து இழுக்கும்போது அது கீச்சென்றது. பாலியெஸ்டர். பப்பா துணியைப் பார்க்கமாட்டார், காதோரம் வைத்து இரண்டு விரலால் தேய்ப்பார். பேசுற துணி கலப்புக்குக் கூட்டாளி வச்சிருக்கும், சுத்தக் கம்பளி வாயைத் திறக்காது என்பார். நான் ஓபினோவின் முனையைக் காதில் வைத்துத் தேய்க்கிறேன், பேசுகிறது. மேசோன் தார்ஸி இன்னும் அதிகமாகப் பேசுகிறது. பொன் எழுத்து அதில்தான் பெரிதாக இருக்கிறது. ஹேமநாதன் வைத்தி அண்ணனைப் பார்க்கிறான், வைத்தி அண்ணன் புருவத்தைத் தூக்குகிறார். வெர்னோல், கரையில் எழுத்து மங்கலாக, கறுப்பென்று சொல்லமுடியாத சாம்பல். காதில் வைக்கிறேன். கீழே இரண்டாம் மாடியில் குழந்தை அழுவது கேட்கிறது, ஏசி கேட்கிறது, துணி கேட்கவில்லை. "இதுவா சார்? இது கொஞ்சம் வயசானவங்க கலரு. ஒண்ணு பண்ணுங்க, மாப்பிள்ளைக்கு ஒரு போட்டோ அனுப்பிக் கேட்டுருங்க. மாமனார் எடுத்த துணியை இப்ப எந்த மாப்பிள்ளை சார் போடுறான்? எங்க மாமனார் எடுத்த சஃபாரி பீரோல தூங்குது." "அதுல ரெண்டு நீ நுழையலாம், அதான் தூங்குது" என்கிறார் வைத்தி அண்ணன். கேட்டுவிடுங்கள். யாரைக் கேட்பது, என்ன என்று கேட்பது. பப்பா, முதுகு வேண்டுமா என்றா?

போன் அடிக்கிறது. வீடு என்று திரையில் எழுதியிருக்கிறது. இந்த நேரத்தில் பிலோமின் கூப்பிடமாட்டாள், கூப்பிடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கமுடியும். ஒன்று. நான் இங்கே துணியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தபோது. இரண்டு. அப்படியானால் இரண்டு மீட்டர் போதும், கேள்வியே இல்லாமல் போய்விட்டது, அந்த நினைப்பு வந்த வேகம் எனக்கே தெரிந்தது, மூன்று, எண்ணிக்கொண்டிருக்கிறேன், மறுபடியும் கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை கையில் கிண்ணத்துக்குப் பதில் போன். எடுத்துவிட்டேன். "என்னங்க, எங்க இருக்கீங்க?" என்கிறாள் பிலோமின், சாதாரணமாக, அடுப்பில் தாளிக்கும் சத்தத்தோடு. "பப்பா பேசணுங்கறார். காலையிலேர்ந்து துணி வாங்கியாச்சா வாங்கியாச்சான்னு என் உசிரை எடுக்கறார். இந்தாங்க பப்பா, பேசுங்க, அந்தப் பக்கம் இல்ல, திருப்பிப் பிடிங்க." உரசல். மூச்சு. அந்த மூச்சு, நின்று நின்று வருகிற மூச்சு, நேராக என் காதுக்குள். "தனிஸ்லாஸ்." "சொல்லுங்க பப்பா." "கெடைச்சுதா?" "பாத்துக்கிட்டிருக்கேன். வெர்னோல்னு ஒண்ணு இருக்கு." மூச்சு. "தேய்ச்சுப் பாத்தியா?" "பாத்தேன்." "எங்க, காட்டு." ஒரு கணம் புரியவில்லை. பிறகு போனை மேசைமேல் வைத்து, துணியின் முனையை அதன்மேல் பிடித்து, இரண்டு விரலால் தேய்க்கிறேன். ஹேமநாதன் வாயைத் திறந்தபடி பார்க்கிறான், வைத்தி அண்ணன் கத்தரியைக் கீழே வைக்கிறார். தேய்க்கிறேன், தொண்ணூறு வயதுக்காரருக்குத் தொலைபேசியில் துணி காட்டிக்கொண்டிருக்கிறேன். போனை எடுக்கிறேன். "கேட்டுதா பப்பா?" "ஒண்ணும் கேக்கல." மூச்சு. "நல்ல துணி. வாங்கு."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு போகிறது, வருகிறது. பப்பா, அந்தக் கோட்டை யாரும் திருடவில்லை என்று சொல்லவேண்டும்போல் இருக்கிறது, இங்கே, இவர்கள் முன்னால், இப்போதே. "பப்பா, கோட்டு..." என்கிறேன். "ஆங்?" "முதுகு வச்சுத் தைக்கச் சொல்லட்டா?" இதுதான் வந்தது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன். நின்றுவிட்டதா? "முதுகு வைக்காம என்னடா கோட்டு?" என்கிறார் பப்பா, ரெஜிமெண்ட் ஸ்டோரில் யாரையோ அதட்டுகிற குரலில், இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் அந்தக் குரலில். "பாக்கெட்டும் வைக்கச் சொல்லு. உள்ள ஒண்ணு." "சரி பப்பா." "சீக்கிரம் வா." "வரேன்." "வந்து," என்றார், மூச்சு வாங்கினார், நான் காத்திருந்தேன், எண்ணவில்லை, எண்ணத் தோன்றவில்லை. "வந்து அன்னிக்கு மாதிரி கதவுகிட்ட நிக்காத. உள்ள வா."

பிலோமின் போனை வாங்கி ஏதோ சொல்கிறாள், கொத்துமல்லி என்கிறாள், சரி என்கிறேன், வைத்துவிட்டேன். மேசைமேல் துணி அப்படியே விரிந்து கிடக்கிறது. காது. அந்தக் காது மட்டும்தான் தெரிந்தது தலையணையில். என் கால் சத்தம் வந்ததும் கேட்டிருக்கும், நின்றதும் கேட்டிருக்கும். கிண்ணத்தில் கரண்டி ஆடியதுகூட. ஆறு நாளாக, முகம் மழிக்கும்போது, கஞ்சி ஊட்டும்போது, தூக்கும்போது. பத்தொன்பது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளையா சார் பேசினது?" என்று கேட்கிறான் ஹேமநாதன், மெதுவாக, ஏதோ சரியில்லை என்று தெரிந்த குரலில். "எங்கப்பா" என்கிறேன். "துணி அவருக்குத்தான். கல்யாணம்லாம் இல்ல. உங்ககிட்டச் சும்மா சொல்லிட்டேன்." அவன் என்னைப் பார்க்கிறான், துணியைப் பார்க்கிறான். அவனுக்கு எதுவரை புரிந்ததோ தெரியாது. "வயசானவருக்கா சார்? அப்ப உள்துணி காட்டனா போடச் சொல்லுங்க, வேர்க்காது" என்கிறான். "டெய்லரு வீட்டுக்கு வந்து அளவு எடுப்பாருல்ல? உக்காரவச்சே எடுக்கலாம் சார், எங்க தாத்தாவுக்கு அப்படித்தான் எடுத்தாங்க. எத்தனை மீட்டர் போடட்டும்?" மூன்றே கால். என் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வருகிறது. வைத்தி அண்ணன் அளந்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை வைக்கிறார். மூடித் திறப்பதில்லை, ஒரே ஓட்டமாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டே போகிறார், துணி சத்தமில்லாமல் இரண்டாகிறது. பையை வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. இறங்கினேன், இரண்டாம் மாடியில் அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது, வண்டியை எடுத்தபிறகுதான் கொத்துமல்லி ஞாபகம் வந்தது, மாடிப்படியை எண்ணாமல் வந்திருக்கிறேன் என்பதும்.